யாருமே ஏறாத குதிரை

ஜூன் 3, செவ்வாய்

தரகர் இன்று காட்டிய குதிரைக்கு மூன்று வயதாம். வாயைத் திறந்து பல்லைப் பார்த்தேன். அதற்கு மூன்று வயதென்றால் நான் இன்னும் பால்குடி மறக்கவில்லை.

"என்னம்மா, சந்தேகப்படறீங்களா?" என்றார்.

"சந்தேகமே இல்லைங்க. பளிச்சுன்னு தெரியுது" என்றேன்.

இடத்துக்காரர் நேற்றும் வந்து நின்றார். அவர் லாயத்தில் நான் தொழில் தொடங்கக் கேட்டிருக்கும் இரண்டு கொட்டடியும் பயிற்சி வளையமும் ஜூலை முடியும்வரைதான் எனக்கு. அதற்குள் சேணம் போட்டு ஏறக்கூடிய சொந்தக் குதிரை ஒன்று நிற்க வேண்டும். இல்லையென்றால் வேறு ஆளுக்கு விட்டுவிடுவாராம். என் கையில் இருக்கிற காசுக்குப் பழக்கிய குதிரையின் வால்கூட வராது. அதனால் பழக்காத இளங்குதிரையாக வாங்கி நானே பழக்க வேண்டும். அப்பாவின் லாயத்தில் கல்யாணம் காட்சி எதுவும் இல்லாமல் இத்தனை வருஷமாக நான் செய்தது அதைத்தானே?

அப்பா இறந்த மாதமே அண்ணன் சொல்லிவிட்டான். "லாயம் என் பேர்ல இருக்கு. சம்பளத்துக்கு வேணும்னா இருந்துக்கோ."

சம்பளத்துக்கு! அவனிடம் கை நீட்டுவதைவிட பஸ்ஸில் டிக்கெட் கிழிப்பேன்.

ஜூன் 6

இன்னொன்று காட்டினார்கள். ஆடாமல் அசையாமல் நின்றது. "ரொம்ப சாதும்மா, குழந்தை மாதிரி." கீழுதடு தொங்குகிறது, கண் பாதி மூடியிருக்கிறது. மருந்து கொடுத்திருக்கிறார்கள். மருந்து தெளிந்த பிறகு இந்தக் குழந்தை என்னைச் சுவரில் அப்பிவிடும். என் தலையில் மிளகாய் அரைக்க எத்தனை பேர்!

ஜூன் 8

மழை. எல்லார் மேலும் எரிச்சல்.

ஜூன் 14, சனி

வாங்கிவிட்டேன்!

செம்பழுப்பு நிறத்தில் ஒரு பெட்டைக்குதிரை. நெற்றியில் கோணலாக ஒரு வெள்ளைத் திட்டு. பல் பொய் சொல்லவில்லை, நிஜமாகவே சின்ன வயசு. ஆனால் தரகர் அதன் இடப்பக்கம் ஒட்டி நின்றவர் நகரவே இல்லை. இந்த ஆள் எதையோ மறைக்கிறார் என்று பட்டது. தள்ளிப் போகச் சொல்லி இடது கால்கள் இரண்டையும் தடவிப் பார்த்தேன். வீக்கமில்லை, சூடில்லை. குளம்பும் சுத்தம்.

"யாருமே ஏறாத குதிரைம்மா. சத்தியமா."

அப்போதுதான் முதுகைப் பார்த்தேன். பிடரிமயிர் முடிகிற மேட்டில், நகத்தளவுக்குச் சில வெள்ளை முடிகள். சேணம் உரசிப் புண்ணாகி ஆறிய இடத்தில்தான் அப்படி முளைக்கும்.

"யாருமே ஏறலைன்னா இது என்னங்க, கவலைப்பட்டு வந்த நரையா?"

அந்த முகத்தைப் பார்க்க வேண்டுமே! விலை மளமளவென்று இறங்கியது. யாரோ ஏறத் தெரியாமல் ஏறி, முடியாமல் தலைமுழுகிய குதிரை. இருக்கட்டும். யாரோ ஒரு கையாலாகாதவனால் எனக்கு லாபம். வெகு நாளைக்குப் பிறகு இன்று வாய்விட்டுச் சிரித்தேன்.

ஜூன் 17

சேணத்தைப் பேசாமல் வாங்கிக்கொண்டது. ஏறுவதற்கு இடப்பக்கம் போனேன். அங்கவடியில் கால் வைக்கும் முன்பே பம்பரமாகச் சுற்றிவிட்டது. குதிரைமேல் இடப்பக்கமிருந்துதான் ஏறுவது. அதை இதற்குக் கற்றுத் தரவேண்டும், அவ்வளவுதான்.

ஜூன் 22, ஞாயிறு

கடித்துவிட்டது. தோளில் பல் வரிசை அப்படியே பதிந்திருக்கிறது.

நான் இடப்பக்கம் வந்தாலே தலையை முழுக்கத் திருப்பிக்கொண்டு முறைக்கிறது. என்ன திமிர்! வீட்டிலும் என்னை முறைத்தார்கள், காசு கொடுத்து வாங்கின குதிரையும் முறைக்குது. வாசலில் நுழையும்போது வேண்டுமென்றே இடது விலாவைத் தூணில் மோதிக்கொள்கிறது. எனக்கு வீம்பு காட்டுகிறதாம். நானும் காட்டுவேன்.

ஜூன் 29

இன்று பிரம்பை எடுத்தேன். வேறென்ன செய்வது? ஜூலை வரப்போகிறது. இடத்துக்காரர் வேலியோரம் நின்று பார்த்துவிட்டு, "இது தேறுமாம்மா?" என்று கேட்டுவிட்டுப் போனார். தேறாமல் எங்கே போகும்.

ஜூலை 5, சனி

ஆத்திரத்தில் எழுதுகிறேன்.

காலையில் மறுபடியும் தள்ளிவிட்டதில் மணிக்கட்டு பிசகிவிட்டது. மதியம் ஒற்றைக் கையால் தண்ணீர் வாளியைத் தூக்கிக்கொண்டு அதன் வலப்பக்கமாகப் போனேன். சேணம் இன்னும் முதுகில் இருந்தது. நிலைதடுமாறி அங்கவடி வாரைப் பிடித்தேன். பிடித்ததும் அது என்ன செய்தது தெரியுமா? நான்கு காலையும் ஊன்றி, கழுத்தைத் தாழ்த்தி, ஏறிக்கொள் என்று நின்றது. சிலை மாதிரி.

வலப்பக்கம்!

வலப்பக்கமாக ஏறுகிற ஒரே ஒரு ஆளைத்தான் எனக்குத் தெரியும். குதிரை உதைத்ததிலிருந்து அண்ணனுக்கு இடது முட்டி மடங்காது. அப்புறம் அந்த வெள்ளை முடி... அப்பாவின் பழைய சேணம் அந்த இடத்தில்தான் உரசும். எத்தனை தடவை நானே அதற்கு மெத்தை வைத்துத் தைத்திருக்கிறேன்! எப்படித் தெரியாமல் போச்சு எனக்கு?

ஜூலை 6

தரகரைப் பிடித்து உலுக்கினேன். கொட்டிவிட்டார்.

"உங்கண்ணன் குதிரைதாம்மா. 'யாருக்கு வேணா குடு, என் தங்கச்சிக்கு மட்டும் குடுத்துடாதே'ன்னார்."

"அப்புறம் எனக்கு ஏன் குடுத்தீங்க?"

"வேற யாரும் கேக்கலியேம்மா!"

ஆகா. தங்கச்சிக்கு மட்டும் கூடாதாம். ஏன் கூடாது? அவனால் இனி குதிரை பழக்க முடியாது என்பது எனக்குத் தெரிந்துவிடுமே, அதனால்தான். பாதியில் விட்டுவிட்டு ஓடியிருக்கிறான். அப்பாவின் லாயத்தை வாரிச் சுருட்டிக்கொண்ட பெரிய மனிதரால் ஒரு குட்டிக்குதிரையைப் பழக்க முடியவில்லை! வயிறு குளிர்ந்துபோனது. அவன் கெடுத்ததை நான் சரிசெய்து, அவன் வாசல் வழியாகவே ஓட்டிப் போவேன். இடப்பக்கம் ஏறித்தான்.

ஜூலை 9

இடப்பக்கம். விழுந்தேன்.

ஜூலை 10

இடப்பக்கம். அது நடுங்குகிறது. நடுங்கட்டும்.

ஜூலை 12, சனி

தீவனக் கடையில் அண்ணன். அப்பா காரியத்துக்குப் பிறகு இன்றுதான் நேருக்கு நேர். நலம் விசாரிப்பெல்லாம் எங்களுக்குள் கிடையாது.

"அந்தக் குதிரையை நீதான் வாங்கினியாமே."

"ஏன், வாங்கக்கூடாதா? உன் முட்டி போச்சுன்னு ஊருக்குத் தெரிஞ்சுடுமா?"

"முட்டி போச்சுதான். அதுமேல தினமும் ஒரே ஆள் ஏறணும். என்னால முடியலை, வித்தேன்." என் மணிக்கட்டில் சுற்றியிருந்த துணியைப் பார்த்தான். "எந்தப் பக்கம் ஏறுறே?"

"எல்லாரும் ஏறுற பக்கம்."

"அடிச்சியா?"

கையைப் பின்னால் மறைத்துக்கொண்டேன்.

"அதுக்கு இடது கண்ணு தெரியாது. நிழல் மாதிரி ஏதோ அசையறது தெரியும், அவ்வளவுதான். உனக்கு விக்காதேன்னு படிச்சுப் படிச்சு சொன்னேன் அவன்கிட்ட. நீ ஒண்ணைப் பிடிச்சா விடமாட்டே. உன் பிடிவாதம் அதைக் கெடுத்துடும்னு தெரியும்."

தவிட்டு மூட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு, நொண்டி நொண்டிப் போய்விட்டான். இன்னும் நாலு வார்த்தை திட்டிவிட்டுப் போயிருக்கலாம்.

பொய். பொய்யாகத்தான் இருக்கும்.

ஜூலை 13, ஞாயிறு

விடிந்ததும் லாயத்துக்குப் போனேன். வலது கண்ணுக்கு நேரே விரலைக் கொண்டுபோனேன். சட்டென்று இமைத்தது. இடது கண்ணுக்கு நேரே கொண்டுபோனேன். இமைக்கவில்லை. இன்னும் கிட்டே. இமைக்கவே இல்லை. பார்த்தால் பளிங்கு மாதிரி நல்ல கண்.

தரகர் காலை மறைக்கவில்லை, கண்ணை மறைத்தார். வெள்ளை முடியைக் கண்டுபிடித்த பெருமையில் எனக்குத் தலைகால் புரியவில்லை. கண்ணைப் பார்க்காமல் குதிரை வாங்கியிருக்கிறேன்! சின்னப் பிள்ளைகூடச் செய்யாது. தூணில் மோதியது, தலையைத் திருப்பியது, ஒவ்வொன்றும் எனக்கு அது சொன்னதுதானே? இருட்டுப் பக்கமிருந்து ஒருத்தி வந்து அடிக்கிறாள். கடிக்காமல் கொஞ்சுமா?

அதன் கழுத்தில் முகத்தை வைத்துக்கொண்டு நின்றேன். அழுதேன். அவன் சொன்னது சரியாகப் போனதற்கு அவன்மேலும் ஆத்திரமாக வந்தது.

ஜூலை 16

பிரம்பை உடைத்து அடுப்பில் போட்டேன்.

ஜூலை 20

பேசிக்கொண்டே கிட்டே போனால் காதைத் திருப்பிக் கேட்கிறது. இடப்பக்கம் போனாலும் என் குரல் நிற்காமல் கேட்டால் போதும். நாள் முழுக்க பேசிப் பேசித் தொண்டை கட்டிவிட்டது. பேசுவதற்கு வேறென்ன இருக்கிறது? அண்ணனைப் பற்றித்தான். எல்லா வசவையும் பொறுமையாகக் கேட்டுக்கொள்கிறது.

ஜூலை 27, ஞாயிறு

இடத்துக்காரர் வந்தார். கண் விஷயத்தை முதலிலேயே சொல்லிவிட்டேன். தரகர் வேலை எனக்கு வராது. முகத்தைச் சுளித்தார். "முதல்ல பாருங்க, அப்புறம் சொல்லுங்க" என்று வலப்பக்கம் போய் ஏறினேன். நடை, ஓட்டம், இரண்டு பக்கமும் வட்டம். தூணோரம் என் குரலைக் கேட்டு ஒதுங்கிப் போனது. கடைசியில் கடிவாளத்தைத் தளர்த்திவிட்டேன். நடுவளையத்தில் அப்படியே நின்றது.

"சரிம்மா, இடம் உனக்குத்தான்" என்றார். பிறகு தாடையைச் சொறிந்தார். "ஆனா இப்படித் தலைகீழா ஏறி நான் பார்த்ததே இல்லை. யார் சொல்லிக் குடுத்தது?"

"எங்க வீட்டுல அப்படித்தான் ஏறுவோம்" என்று சொல்லிவிட்டு, வலப்பக்கமாகவே இறங்கினேன்.