பழுது தெரியவில்லை

நவம்பர் 3
அந்தச் சென்சார் மறுபடியும் பட்டறைக்கு வந்திருக்கிறது. விமானம் காற்றை எந்தக் கோணத்தில் எதிர்கொள்கிறது என்று விமானிக்குச் சொல்வது. உயரத்தில் தப்பாகக் காட்டுகிறது என்கிறார் விமானி. என் மேசையில் வைத்தால் சமர்த்துப் பிள்ளை. இதுவரை ஒவ்வொரு தடவையும் “பழுது இல்லை” அட்டை கட்டித் திருப்பி அனுப்பியிருக்கிறோம். இந்தத் தடவை மனசு வரவில்லை.

நவம்பர் 4
மேலாளர் வந்தார். “சோதனையில பாஸ் ஆயிடுச்சுல்ல? அட்டையைக் கட்டும்மா. விமானம் காத்துக்கிட்டு நிக்குது.”
நிற்கட்டுமே. தரையில் நின்றால் யாருக்கு என்ன ஆகிவிடும்?

நவம்பர் 5
கட்டவில்லை.

நவம்பர் 7
மாமியாரை முட்டிவலிக்கு டாக்டரிடம் அழைத்துப் போனோம். மடக்கச் சொன்னார், மடக்கினார். நீட்டச் சொன்னார், நீட்டினார். “ஒண்ணும் இல்லம்மா” என்று அனுப்பிவிட்டார். வெளியே வந்ததும் அத்தைக்கு வந்ததே கோபம்! “காலங்கார்த்தால குளிர்ல வந்து பாக்கச் சொல்லு அவரை. மத்தியானத்துல எந்த முட்டி வலிக்கும்?”
என் வீட்டுக்காரர் விழுந்து விழுந்து சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. மேலே கடுங்குளிர். என் மேசையில் — கதகதப்பு.

நவம்பர் 8
சென்சாரைக் குளிர்ப்பெட்டியில் வைத்தேன். நன்றாக உறைந்ததும் அதன் சின்னச் சிறகைத் திருப்பினேன். திரையில் எண் இடித்த புளி மாதிரி அப்படியே இருந்தது. வெளியே எடுத்துச் சூடேறியதும் மறுபடி சமர்த்து. திருடா, பிடிச்சிட்டேன் உன்னை!

நவம்பர் 9
மேலாளரிடம் காட்டினேன். முகம் வெளுத்துப் போனது. “நம்ம சோதனையில குளிர் கிடையாதேம்மா. இதை எழுதினா பழைய அட்டைகளையும் தோண்டுவாங்க.”
“தோண்டட்டும் சார். பழுது நமக்குத் தெரியலை, அவ்வளவுதான். இல்லைன்னு எப்படிச் சொன்னோம்?”
மேசைக்கு வந்து அறிக்கை எழுத உட்கார்ந்தேன். கோபமா, பயமா? ரெண்டும்தான். வேலை போனா போகட்டும். விமானத்துல ஏறி உக்காந்திருக்கிறவங்க யாருக்கும் இது தெரியாதே!
அறிக்கையை விமான நிறுவனத்துக்கும் தயாரித்தவர்களுக்கும் என் பெயரிலேயே அனுப்பிவிட்டேன்.

நவம்பர் 10
பட்டறையில் யாரும் என்னோடு பேசவில்லை.

டிசம்பர் 12
அந்தச் சென்சாரோடு சேர்ந்து தயாரான சென்சார்கள் எல்லாவற்றையும் விமானங்களிலிருந்து கழற்றச் சொல்லியிருக்கிறார்கள். குளிரில் வைத்துப் பார்த்ததில் இன்னும் சில சிக்கிக்கொண்டனவாம். இவ்வளவு நாளும் பறந்துகொண்டிருந்தவை.

ஜனவரி 20
இப்போது எல்லாவற்றையும் குளிரிலும் சோதிக்கிறோம். இன்று வந்த ஒன்று எப்படிப் பார்த்தும் சரியாகவே வேலை செய்தது. எனக்கும் அலுப்பு. “இதுல பழுது இல்ல சார்” என்றேன்.
புது அட்டையை எடுத்துக்கொண்டிருந்த மேலாளர் நிமிர்ந்தார்.
“இல்லைன்னு சொல்லாதேம்மா. தெரியலைன்னு சொல்லு.”