ஷூவுக்கு அடியில் போட்ட கோடு

அன்புள்ள மூத்தவளுக்கு,

நீ அங்கே உடம்புக்கு ஒன்றும் இல்லாமல், வேளைக்குச் சாப்பிட்டு, நன்றாகத் தூங்கி எழுந்திருக்கிறாய் என்று நினைத்துக்கொண்டு இதைத் தொடங்குகிறேன். இங்கே நானும் அப்பாவும் உன் தம்பியும் நலம். தம்பியும் நலம் என்று எழுதிய கையோடு எழுந்துபோய் சன்னல் வழியாகத் தெருவை ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டு வந்தேன், அவன் ஓடப் போயிருக்கிறான். மணி ஆறு இருபது. ஆறு மணிக்குக் கிளம்பினால் ஏழுக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது கதவைத் தட்டுவான், அதுவரை எனக்குக் கை கால் ஒரு இடத்தில் நிற்காது, அதனால்தான் பேனாவை எடுத்தேன். போனில் பேசலாமே என்று கேட்பாய், போனில் நான் நல்லதை மட்டும்தான் சொல்கிறேன், அதுவும் அவன் பக்கத்து அறையில் இருக்கிறானே என்று பாதியை விழுங்கிவிடுகிறேன். இது நான் செய்த தப்பைப் பற்றியது, எழுத்தில்தான் சொல்ல முடியும். முழுக்கப் படி, நடுவில் நிறுத்திவிட்டு எனக்குப் போன் போட்டுக் கத்தாதே.

முதலில் வீட்டு விஷயம். ஆஸ்பத்திரிக்கு இருநூறு ஜோடி நோயாளி உடுப்பு தைக்க எடுத்திருக்கிறேன், எல்லாம் பச்சைத் துணி, கண்ணை மூடினாலும் பச்சையாகத் தெரிகிறது. மெஷின் பெல்ட் போன வாரம் அறுந்துபோய் இரண்டு நாள் வேலை கெட்டது, தம்பிதான் மாட்டிக் கொடுத்தான். அப்பா வழக்கம்போல வீடு வீடாகத் தண்ணீர் மீட்டர் பார்த்துவிட்டு வந்து காலை நீட்டி உட்கார்ந்து விடுகிறார். மகனுக்குத் துணையாக நானும் ஓடுகிறேன் என்று ஒருநாள் வீராப்பாகக் கிளம்பினார் தெரியுமா, தெருமுனை வரைக்கும் ஓடியதை நானே பார்த்தேன், அதற்குப் பிறகு முக்கால் மணி நேரம் கழித்துப் பேருந்தில் வந்து இறங்கினார். இன்னும் வலது முழங்காலுக்குத் தைலம் தேய்க்கிறார், கேட்டால் மீட்டர் பார்க்கக் குனிந்ததில் வந்த வலி என்கிறார். சிரித்துக்கொள், ஆனால் அவரிடம் நான் சொன்னதாகக் காட்டிக்கொள்ளாதே.

தம்பி கதை உனக்குத் தெரிந்ததுதான். லிஃப்ட் பழுது பார்க்கிற வேலையில் தோள்பட்டை பிசகி, வலிக்கு என்று மாத்திரை தொடங்கி, அது போதாமல் வேறெதற்கோ போய், கடைசியில் நீ கிளம்புகிற வருடம் குளியலறைக் கதவை உடைத்து நாம் இரண்டு பேரும் சேர்ந்து அவனைத் தூக்கினோமே, அன்றிலிருந்து இன்றுவரை அவன் குளிக்கப் போனால் நான் வெளியே நின்று தண்ணீர் விழும் சத்தத்தைக் கேட்கிறேன். போதை மறுவாழ்வு மையத்தில் நான்கு மாதம் இருந்து வந்தபோது அங்குள்ள டாக்டரம்மா மருந்தோடு ஓட்டத்தையும் சீட்டில் எழுதிக் கொடுத்தார், வாரத்தில் ஆறு நாள், ஐம்பது நிமிடம் என்று. எனக்குக் கோபம்தான் வந்தது. இவ்வளவு பெரிய நோய்க்கு ஓடச் சொல்கிறார்களே, இதற்கா நான்கு மாதம் என்று முகத்துக்கு நேராகவே கேட்டுவிட்டேன். அவர் கோபப்படவில்லை. ஓட்டம் மருந்துக்குப் பதில் இல்லம்மா, மருந்தோடு சேர்ந்து வேலை செய்யும், எடுக்கணும்னு ஒரு தவிப்பு வரும், அது பெரும்பாலும் கால் மணி, அரை மணிதான் உச்சத்துல இருக்கும், அந்த நேரத்துல உடம்புக்கு வேற வேலை கொடுத்தா தானா இறங்கும், ராத்திரி தூக்கமும் வரும் என்றார். தூக்கம் வந்தது என்னவோ உண்மை. மூன்றாவது வாரத்தில் அவன் விடிய விடியக் கூடத்தில் நடப்பது நின்றது. கஞ்சியைக்கூடத் தள்ளி வைத்தவன் இரண்டாம் தடவை சோறு கேட்டான். இதெல்லாம் நான் போனில் உன்னிடம் சொன்னதுதான்.

சொல்லாதது இது. அவன் ஓடுகிறேன் என்று போய் வேறெங்கோ உட்கார்ந்துவிட்டு வந்தால் எனக்கு எப்படித் தெரியும் என்று ஒரு பூச்சி உள்ளே குடைந்துகொண்டே இருந்தது. பின்னாலேயே போய்ப் பார்க்கலாம் என்றால் அவன் வேகத்துக்கு நான் எங்கே போவது. ஒருநாள் காலரில் குறி போட்டுக்கொண்டிருக்கும்போது தோன்றியது. துணியில் குறி போடுகிற சாக்பீஸை எடுத்து, அவன் தூங்கும்போது, பழைய கான்வாஸ் ஷூவைத் திருப்பி நடு அடியில் குறுக்கே ஒரு கோடு போட்டேன். காலையில் ஓடி வந்த பிறகு பார்த்தால் கோடு இல்லை, சுத்தமாக அழிந்திருந்தது. அன்று எனக்கு வந்த சந்தோஷத்தை என்னவென்று சொல்ல. அவ்வளவுதான், அதன் பிறகு தினமும் ஒரு கோடு, தினமும் ஒரு சோதனை. அப்பாவுக்குக்கூடத் தெரியாது. அவன் குளிக்கப் போனதும் ஓடிப்போய் ஷூவைத் திருப்பிப் பார்த்தால்தான் எனக்கு அன்றைய காப்பியே தொண்டையில் இறங்கும். ஏழு வாரம் இப்படி.

அப்போதுதான் நீ அனுப்பிய புது ஷூ வந்தது. பெட்டியைப் பிரித்து அதை அவன் முகர்ந்து பார்த்ததை நீ பார்த்திருக்க வேண்டும். நீ தப்பு எதுவும் செய்யவில்லை, அதை முதலில் சொல்லிவிடுகிறேன். நான் வழக்கம்போல அதற்கும் நடுவில் கோடு போட்டேன். மறுநாள் பார்த்தால் கோடு அப்படியே இருந்தது. ஒருவேளை புல்தரையில் ஓடியிருப்பான் என்று சமாதானம் சொல்லிக்கொண்டேன். இரண்டாம் நாளும் அப்படியே. மூன்றாம் நாள் அவன் சட்டை தொப்பலாக நனைந்து வந்து நின்றபோது, இது வியர்வையா, குழாய்த் தண்ணீரை ஊற்றிக்கொண்டு வந்திருக்கிறானா என்று என் புத்தி போனது. சட்டையைப் பிடித்து இழுத்து முகர்ந்து பார்த்தேன், பெற்றவள் செய்கிற காரியமா இது. ஷூவைக் கழற்று என்று வாங்கி அவன் முகத்துக்கு நேரே நீட்டி, மூணு நாளா இந்தக் கோடு ஏன்டா அழியல, எங்க போற, யார்கூட உட்கார்ந்து என்னத்த எடுத்துட்டு வர்ற என்று கேட்டேன். அப்பா குளியலறையிலிருந்து சோப்பு நுரையோடு வெளியே வந்துவிட்டார், அவ்வளவு சத்தம் என் தொண்டையில்.

அவன் கத்தவில்லை. கத்தியிருந்தால்கூடத் தேவலை. அடியில் இருந்த கோட்டைப் பார்த்தான். பிறகு ஷூவை என் துணி வெட்டும் மேசைமேல் நேராக வைத்து ஒரு கையால் அழுத்திக்கொண்டு, இன்னொரு கையால் என் இரும்பு ஸ்கேலை எடுத்து, ஷூவின் நடுப்பகுதிக்குக் கீழே இந்தப் பக்கம் விட்டு அந்தப் பக்கம் எடுத்தான். புது ஷூவின் நடு அடியில் பள்ளம், கண்ணு. முன்பக்கமும் குதிகாலும்தான் தரையில் படும், நடு தரையைத் தொடுவதே இல்லை. பழைய ஷூ தட்டை, அதில் அழிந்தது, இதில் எத்தனை மைல் ஓடினாலும் அழியாது. நாற்பது வருடமாகத் துணியின் மேடு பள்ளம் பார்த்துத் தைக்கிறவளுக்கு இது தெரியவில்லை. எனக்கு ஒரு பழக்கம் இருக்கு, நான் விட்டுக்கிட்டிருக்கேன், உனக்கும் ஒரு பழக்கம் இருக்கும்மா, நீ எப்ப விடப்போற என்று மட்டும் கேட்டான். ஷூவையும் செருப்பையும் விட்டுவிட்டு வெறுங்காலோடு இறங்கிப் போய்விட்டான்.

அன்று நான் பட்டது எதிரிக்கும் வேண்டாம். அப்பா வேலைக்கு விடுப்புச் சொல்லிவிட்டு, முன்பு அவன் போய் உட்காரும் இடங்கள் ஒவ்வொன்றாகத் தேடினார், பேருந்து நிலையத்துக்குப் பின்னால், பூட்டிக் கிடக்கிற அச்சகம், பாலத்துக்குக் கீழே. நான் வீட்டில் இருந்து யாராவது வந்து சொல்லுவார்களோ என்று ஒவ்வொரு காலடிச் சத்தத்துக்கும் எழுந்து எழுந்து உட்கார்ந்தேன். நானே என் பிள்ளையைத் திரும்ப அங்கே தள்ளிவிட்டேன் என்றுதான் முடிவு கட்டியிருந்தேன். மூன்றரை மணிக்கு மையத்துப் பயிற்சியாளர் போன் செய்தார். எல்லோரும் அவரை விசில் என்றுதான் கூப்பிடுகிறார்கள், பெயரைச் சொன்னால் யாருக்கும் தெரியாது. உங்க பையன் இங்கதான் இருக்கான், நல்லா இருக்கான், வரும்போது செருப்பு எடுத்துட்டு வாங்க என்றார். நேராக அங்கேதான் போயிருக்கிறான். இப்பவே எடுக்கணும்போல இருக்கு சார், என்னை மைதானத்துக்குள்ள விடுங்க என்று கேட்டிருக்கிறான். விசில் கேட்டைத் திறந்துவிட்டு டாக்டரம்மாவுக்கும் சொல்லி, தானும் கூடவே ஓடியிருக்கிறார். நடுவில் உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்து, தவிப்பு திரும்ப வந்தபோது மறுபடி ஓட விட்டிருக்கிறார்கள். நாங்கள் போகும்போது மரத்தடியில் மல்லாந்து படுத்திருந்தான். இரண்டு உள்ளங்காலிலும் கொப்புளம், ஒன்று உடைந்து மண் ஒட்டியிருந்தது. ஏழு வாரமாக ஷூவின் அடியைப் பார்த்தேனே, அவன் காலின் அடியை அன்றுதான் பார்த்தேன். அங்கேயே உட்கார்ந்து என் முந்தானையால் துடைத்தேன். அவன் காலை இழுத்துக்கொள்ளவில்லை, அதுதான் எனக்கு அழுகையைக் கொண்டுவந்தது.

விசில் என்னைத் தனியாகக் கூப்பிட்டுத் திட்டுவார் என்று பயந்தேன், அவர் திட்டவில்லை. பார்க்கணும்னு உங்களுக்கு வர்ற தவிப்பும் இதே மாதிரிதாம்மா, உட்கார்ந்தே அடக்க முடியாது, அது வந்தா நீங்களும் எழுந்து இருபது நிமிஷம் வேகமா நடங்க, மூச்சு வாங்கணும், பேசிக்கிட்டே நடக்கக் கூடாது என்றார். எனக்கும் ஒரு சீட்டு கிடைத்துவிட்டது பார். அன்றிலிருந்து நடக்கிறேன். ரப்பர் செருப்பைப் போட்டுக்கொண்டு தபால் நிலையம், தண்ணீர்த் தொட்டி, பள்ளிக்கூடத்து மதில் என்று சுற்றிவிட்டு வருகிறேன். முதல் நாள் வழியெல்லாம் ஷூவையே நினைத்துக்கொண்டு நடந்தேன். நாலாவது நாள் பள்ளிக்கூடத்து மதில் வந்ததுகூடத் தெரியாமல் வேறு ஏதோ நினைத்துக்கொண்டு போயிருக்கிறேன். கால் ஆறிய பிறகு அவன் மையத்து மைதானத்திலேயே திரும்ப ஓடத் தொடங்கி இன்றோடு ஒன்பது நாள், ஒன்பது நாளும் ஷூவை நான் திருப்பவில்லை. குளியலறைக்கு வெளியே நிற்பதை மட்டும் இன்னும் விட முடியவில்லை, அதையும் விடுவேன்.

மணி ஏழு பத்து. இன்னும் வரவில்லை. இருபது நிமிடம் தாமதம். செருப்பை ஒருதரம் மாட்டிக் கழற்றிவிட்டேன். இப்போது போனால் அது நடை இல்லை, தேடப் போவதுதான், எனக்கே தெரியும். கோடு போட்டு வைத்திருந்தால் வந்ததும் தெரிந்துவிடுமே என்று மனம் சொல்கிறது, பார், எப்படி வழி தேடுகிறது என்று. அப்பா பேப்பரைப் படிப்பதுபோல உட்கார்ந்திருக்கிறார், கால் மணி நேரமாக ஒரே பக்கம். ஏழு இருபத்தைந்து. எழுத ஒன்றும் இல்லை, ஆனாலும் எழுதிக்கொண்டிருக்கிறேன், உனக்கு இருமல் விட்டதா, தலைக்குக் குளித்துவிட்டு ஈரத்தோடு வேலைக்குப் போகாதே.

வந்துவிட்டான். ஏழு முப்பத்தைந்துக்கு. நான் ஒன்றும் கேட்கவில்லை, நாக்கைக் கடித்துக்கொண்டு மெஷினில் நூல் கோத்தேன், கோத்த நூலையே மறுபடி உருவிக் கோத்தேன். அவனாகவே சொன்னான், மையத்துக்குப் புதிதாக வந்த ஒருத்தன் இன்று முதல் தடவையாக ஓடினானாம், இரண்டாவது சுற்றில் வாந்தி எடுத்து வீட்டுக்குப் போகிறேன் என்று அழுதிருக்கிறான், இவன்தான் கூட உட்கார்ந்து, பிறகு கையைப் பிடித்து நடக்க வைத்து முடித்துவிட்டு வந்திருக்கிறான். வாசலில் ஷூவைக் கழற்றியபோது ஒன்று கவிழ்ந்து விழுந்தது. பொய் சொல்ல மாட்டேன், கண் போகத்தான் போனது. குனியாமல் காலாலேயே நிமிர்த்தி வைத்தேன். அதை அவன் பார்த்துவிட்டான். சிரித்தான் என்று சொல்ல முடியாது, உதடு ஒரு பக்கம் போனது.

யாருக்கு எழுதுறே என்று கேட்டான், அக்காவுக்கு என்றேன். அப்ப உனக்கும் ஒரு ஷூ கேளு, இந்த ரப்பர் செருப்போட எத்தனை நாள் நடப்ப, வழுக்கி விழுந்தா உன்னைத் தூக்கறது யாரு என்றான். அளவு தெரியாதே என்றேன், நான் எந்தக் காலத்தில் ஷூ போட்டேன். மேசையிலிருந்து பழுப்புத் தாள் ஒன்றை எடுத்துத் தரையில் விரித்து, மேலே நில்லு என்றான். பிறகு என் சாக்பீஸையே எடுத்துக்கொண்டு முழங்காலிட்டு உட்கார்ந்து என் காலைச் சுற்றிக் கோடு போட்டான். அசையாம நில்லும்மா, கோணலாப் போகுது என்று இரண்டு தடவை சொன்னான். நின்றேன். இந்த மூன்று வருடத்தில் நான் அசையாமல் நின்றது அந்த ஒரு நிமிடம்தான் என்று நினைக்கிறேன். அவன் கை நடுங்கவில்லை, அதையும் பார்த்தேன், அது சோதனை இல்லை, கண்ணில் பட்டது.

அந்தத் தாளை வெட்டி இதோடு வைத்திருக்கிறேன், சாக்பீஸ் உதிரும், மடிப்பைப் பார்த்துப் பிரி. நீ நோய் நொடி இல்லாமல், நினைத்தது நடந்து, நல்லபடியாக இருக்க வேண்டும், உன் கை தொட்ட வேலை எல்லாம் துலங்க வேண்டும். மறக்காமல் ஒன்று செய், இனி போன் செய்தால் தம்பியிடம் எதுவும் எடுக்கலையே என்று கேட்காதே, இன்று எத்தனை சுற்று என்று கேள். ஷூவைப் பொறுத்தவரை நிறம் உன் இஷ்டம், பச்சை மட்டும் வேண்டாம். நடுவில் பள்ளம் இருந்தாலும் பரவாயில்லை, இந்த வீட்டில் இனி யாரும் யாருடைய ஷூவையும் திருப்பிப் பார்க்கப் போவதில்லை. பார்க்கத் தோன்றினால் எழுந்து நடக்கப் போய்விடுவேன்.

இப்படிக்கு,
ஷூ வரும்வரை ரப்பர் செருப்போடு நடக்கும்
உன் அம்மா