மாமியார் நின்ற மூலை

என் கைப்பையைத் திறந்தால் இன்னமும் ரப்பர் வாசனை அடிக்கிறது. போன வாரம் பாரிமுனையில் ஒரு கடையில் புது ரிங் வாங்கினேன். கடைக்காரர் பழைய பேப்பரில் நன்றாகச் சுற்றித்தான் கொடுத்தார். ஆனாலும் பீச் ஸ்டேஷனில் ஏறித் தாம்பரத்தில் இறங்குவதற்குள் பை முழுக்க அந்த வாசனை ஊறிவிட்டது. மறுநாள் ஆபீஸில் டப்பாவைத் திறந்தால் தயிர்சாதத்திலும் அதே வாசனை. பக்கத்து சீட்டுப் பெண் மூக்கைச் சுளித்தாள். நான் ஒரு பருக்கை விடாமல் சாப்பிட்டேன். நீ பக்கத்தில் உட்கார்ந்திருப்பது போல இருந்தது.

உனக்கு ஒரு விஷயம் சொல்ல வேண்டியிருக்கிறது. நீ போய் ஒரு மழைக்காலம் முடிந்துவிட்டது, இனி எந்த விலாசத்துக்கு எழுதுவது என்றும் தெரியவில்லை. ஆனாலும் நேற்று நடந்ததை உன்னிடம் சொல்லாமல் என்னால் இருக்க முடியாது. அதற்கு முன்னால் பழைய கதையை ஒரு தடவை சொல்லிவிடுகிறேன். உனக்குத் தெரிந்த கதைதான். தெரிந்த கதையைத் திரும்பச் சொன்னால் நீ குறுக்கே குறுக்கே பேசுவாய். இந்தத் தடவை நான் முழுதாகச் சொல்லி முடிக்கலாம்.

கிழக்குத் தாம்பரத்தில் எங்கள் தெருவுக்குப் பின்தெருவில் நீ மருமகளாக வந்து இறங்கியது அறுபதுகளின் நடுவில். ரேஷன் அரிசிக்கு வரிசையில் நின்ற காலம். நான் அப்போது கல்யாணம் ஆகாத டைப்பிஸ்ட். டைப் அடிக்கத் தெரியும் என்கிற ஒரே தகுதியில் காலனி மாதர் சங்கத்துக்கு என்னைச் செயலாளர் ஆக்கியிருந்தார்கள். முதல் கூட்டத்துக்கு வந்த நீ, எல்லோரும் ஊறுகாய் வகுப்பைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தபோது என் காதருகே குனிந்து, "இங்க யாராவது ரிங் ஆடுவாங்களா?" என்று கேட்டாய். நான் காதில் போடும் வளையத்தைச் சொல்கிறாய் என்று நினைக்கும் அளவுக்கு முட்டாள் இல்லை. பள்ளிக்கூடத்தில் ரப்பர் வளையத்தை வலைக்கு மேலே தூக்கித் தூக்கிப் போட்டு விளையாடிய பெண்களை எனக்கும் தெரியும். நான் அவர்களுக்குத் தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்த கூட்டம்.

நீ காலேஜ் டீமில் ஆடியவள் என்பது மெதுவாகத்தான் தெரிந்தது. கல்யாணத்தோடு எல்லாம் நின்றுபோயிருந்தது. உன் வீட்டுக்காரர் நல்ல மனுஷர், ஆனால் அம்மா சொல்லை மீறாதவர். உன் மாமியாரோ, "கண்ணாலம் ஆனவ மைதானத்துல குதிச்சா ஊர் சிரிக்காதா?" என்று ஒரே வரியில் முடித்துவிட்டார். நீ சண்டை போடவில்லை. சங்க வேலைக்குப் போவதை மட்டும் அந்த வீட்டில் யாரும் தடுக்கவில்லை என்பதைக் கவனித்துவிட்டு, எனக்கு ஒரு திட்டம் சொன்னாய்.

"எஸ்தர், மாதர் சங்கத்துக்கு பஞ்சாயத்து யூனியன் ஆபீஸ்ல சின்ன மானியம் தராங்க இல்ல? அதுல ரிங் கோர்ட் கேப்போம். சர்க்காரே பணம் குடுத்து ஆடச் சொன்னா எங்க வீட்ல யாரு என்ன சொல்ல முடியும்? அப்புறம் அது விளையாட்டு இல்லடி, சங்க வேலை."

எனக்குச் சிரிப்பு வந்தது. உனக்கு வரவில்லை. அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது, உனக்கு வேண்டியது கம்பமோ வலையோ இல்லை. ஆடுவதற்கு யாராவது ஒருவர் 'சரி' என்று சொல்ல வேண்டும். வீட்டில் அது கிடைக்காது, அதனால் அரசாங்கத்திடம் கேட்கப் போகிறாய்.

விண்ணப்பத்தை நான் ஆபீஸில் மதிய இடைவேளையில் டைப் அடித்தேன். நீ சொல்லச் சொல்ல எழுதிய வாசகங்களில் பாதியை நான் வெட்டினேன். 'பெண்களின் உடல்நலம்' என்று நான் எழுதினால், நீ 'சந்தோஷம்' என்று திருத்துவாய். சந்தோஷத்துக்கெல்லாம் மானியம் கிடையாது என்று நான் வெட்டிவிடுவேன். கடைசியில் அது ஒரு இடத்தில் எப்படியோ நுழைந்துவிட்டது.

யூனியன் ஆபீஸில் அந்த அதிகாரி படித்துவிட்டுத் தலையைச் சொறிந்தார். "தையல் மிஷின்னு எழுதிக் குடுங்கம்மா. உடனே சாங்ஷன் ஆயிடும். இது எதுக்கு பேஜாரு?"

"மிஷின்ல உக்காந்து உக்காந்துதான் சார் முதுகு போச்சு. எழுந்து நிக்கறதுக்கு ஒண்ணு கேக்கறோம்" என்றாய் நீ. வருகிற மிஷினும் போய்விடும் போலிருந்தது. சங்கத்தில் பாதிப் பேர் மிஷின்தான் வேண்டும் என்று ஏற்கனவே முணுமுணுத்துக்கொண்டிருந்தார்கள்.

அவர் நேரடியாக மறுக்கவில்லை. "ஆடறதுக்கு ஆளு வருமா? குடும்பப் பொம்பளைங்க யாரும்மா வெளிய வந்து ஆடப்போறாங்க? நான் ஒரு நாள் வந்து பாக்கறேன். ஆளு இருந்தா எழுதறேன், இல்லாட்டி மிஷின்தான்" என்றார். நியாயமான பேச்சுதான். ஆள் இல்லை என்பதுதான் நம் கஷ்டமே.

அவர் வருவதாகச் சொன்ன நாளுக்கு முன்பு நாமே ஏரிக்கரைப் பக்கத்துக் காலி மனையில் முள்ளை வெட்டிச் சமன் செய்தோம். இரண்டு சவுக்குக் கம்பு நட்டுக் கொடிக்கயிறு கட்டி, உன் பழைய புடவை ஒன்றை வலைக்குப் பதிலாகத் தொங்கவிட்டாய். கோடு மட்டும் பாக்கி. "கோடு போடறத எங்ககிட்ட விடுங்க" என்றார்கள் சங்கத்துப் பெண்கள். ஆட வெட்கப்பட்டவர்களுக்கு அதிலாவது பங்கு இருக்கட்டும் என்று நீயும் விட்டுவிட்டாய். நான் கிறிஸ்தவ வீட்டுப் பெண், கோலம் போட்டுப் பழக்கமில்லாதவள். அதனால் அவர்கள் எந்த மாவை எடுத்தார்கள் என்று கவனிக்கவில்லை. சர்க்கார் ஆள் வருகிறார், கல்லை இடித்த மொக்கு மாவெல்லாம் மரியாதையாக இருக்காது என்று, நல்ல நாளுக்குப் போடுவது போல அரிசி மாவிலேயே போட்டுவிட்டார்கள். காலையில் போய்ப் பார்த்தபோது அத்தனை அழகு. நாலு மூலையிலும் தாமரை வேறு.

அதிகாரி வந்தது சாயங்காலம். அதற்குள் எறும்பு வந்து, காக்கை வந்து, காலனியில் இருந்த கோழி அத்தனையும் வந்து, ரேஷன் அரிசி விருந்தை முடித்துவிட்டுப் போயிருந்தன. வெறும் செம்மண் தரை. ஒரு கோழி மட்டும் இன்னும் மூலைத் தாமரையைக் கிளறிக்கொண்டிருந்தது. அவர் சைக்கிளை நிறுத்திவிட்டுச் சுற்றும்முற்றும் பார்த்தார். நீயும் நானும்தான் நின்றோம். மற்றவர்கள் எல்லாம் வாசற்கதவுக்குப் பின்னால்.

"கோடே இல்லாம இத எப்படிம்மா கோர்ட்டுன்னு எழுதறது?"

எனக்கு அழுகையே வந்துவிட்டது. நீ ஒரு நிமிஷம் தரையைப் பார்த்தாய். பிறகு வீடு வீடாகப் போய்க் கதவைத் தட்டினாய். "ஆட வேணாம் அக்கா. சும்மா வந்து நில்லுங்க. நிக்கறதுல என்ன வெக்கம்?" மாவு போட்ட குற்ற உணர்ச்சியோ என்னவோ, ஒவ்வொருவராக வந்தார்கள். கோடு இருந்த இடத்தில் அவர்களை வரிசையாக நிறுத்தினாய். கோழிக்குப் பயந்து போகாத கோடு.

ஒரு மூலைக்கு மட்டும் ஆள் இல்லை. அந்த நேரம் பார்த்து உன்னைத் தேடிக்கொண்டு உன் மாமியார் வந்தார். "உலை கொதிச்சுக்கினு கீது, நீ இன்னா இங்க..." என்று ஆரம்பித்தவர், பேன்ட் சட்டை போட்ட மனிதரைப் பார்த்ததும் தலைப்பை இழுத்துவிட்டுக்கொண்டு வாயை மூடிக்கொண்டார். நீ அவர் தோளைப் பிடித்து அந்த மூலையில் நிறுத்தி, "அத்தை, அசையாதீங்க. நீங்கதான் மூலை" என்றாய். அந்த அம்மாவும் அசையவில்லை.

எதிர்ப்பக்கம் நிற்க ஆள் வேண்டும். விண்ணப்பம் அடிப்பதோடு என் வேலை முடிந்தது என்று சொல்லியிருந்த என்னைத்தான் தள்ளிவிட்டாய். முதல் வளையத்தை நான் குழந்தையை வாங்குவது போல இரண்டு கையாலும் வாங்கினேன். "ஒத்தக் கைல பிடி எஸ்தர். ரெண்டு கைல பிடிச்சா ஃபவுல்" என்று கத்தினாய். அதிகாரி சிரித்துவிட்டார். அவருக்கு விளையாட்டு தெரிந்திருந்தது.

புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு நீ ஆடியதை அன்றுதான் காலனி முதன்முதலாகப் பார்த்தது. நானும்தான். வளையம் உன் கையிலிருந்து சுற்றிக்கொண்டே எழும்பும், நான் ஓடுவதற்குள் இறங்கியிருக்கும். கடைசியாக நீ போட்டது என் தலைக்கு மேலே போய், உன் மாமியார் காலடியில் விழுந்தது. எனக்கு நன்றாகத் தெரிந்தது, வெளியே. ஆனால் கோடு அவர்தான். அதிகாரி அவரைப் பார்த்துக் கேட்டார்: "என்னம்மா, உள்ளயா, வெளியயா?"

எல்லோரும் அவர் முகத்தைப் பார்த்தோம். 'வெளிய' என்று சொல்லிவிட்டு, அதே வேகத்தில் உன்னை வீட்டுக்கு இழுத்துக்கொண்டு போவார் என்றுதான் நான் நினைத்தேன்.

"உள்ள" என்றார் உன் மாமியார். "நான் பாத்துக்கினுதானே இருந்தேன்? உள்ளதான்."

அதிகாரி நின்ற பெண்களையெல்லாம் ஒரு தடவை சுற்றிப் பார்த்தார். "ஆளு இல்லன்னு நான் எப்படி எழுதறது?" என்று சொல்லிவிட்டுச் சைக்கிளை எடுத்தார். வலையும் கம்பமும் ரிங்குகளும் வந்தன. மிஷின் கேட்ட பெண்களே பிற்பாடு இருட்டும்வரை ஆடினார்கள். நீ தினமும் ஆடினாய். உன் மாமியார் தினமும் அந்த மூலைக்கு வந்து நின்றார், காவலுக்கு என்று சொல்லிக்கொண்டு.

அதற்குப் பிறகு எத்தனை தடவை நாம் சண்டை போட்டிருப்போம். நான் வெளியே என்பேன், நீ உள்ளே என்பாய். "எங்க மாமியாரே சாட்சி சொல்லியாச்சு, அதுக்கு மேல கோர்ட் எது?" என்று என் வாயை அடைப்பாய். மஞ்சள் காமாலையில் ஆஸ்பத்திரியில் படுத்திருந்தபோதுகூட, உன்னைச் சிரிக்க வைக்கலாமே என்று, "அது வெளியதான்டி" என்றேன். கண்ணைத் திறக்காமல் நீ விரலை ஆட்டி மறுத்தாய். நீ என்னிடம் கடைசியாகச் சொன்னது அந்த விரல்தான்.

இப்போது வலை இற்றுப்போய்விட்டது, கம்பம் துருப்பிடித்துவிட்டது. சங்கம் மறுபடி மானியம் கேட்டிருக்கிறது. விண்ணப்பத்தை நான் தனியாகத்தான் அடித்தேன். 'உடல்நலம்' என்று அடித்துவிட்டு, கூடவே 'சந்தோஷம்' என்றும் அடித்தேன். வெட்டவில்லை.

நேற்று பார்வையிட ஒரு சின்ன வயது அதிகாரி வந்தார். இந்தத் தடவை சுண்ணாம்புக் கோடு, எந்தக் கோழியும் தொடாது. உன் மாமியாரும் வந்தார், கையில் ஊன்றுகோலோடு. நேரே அந்த மூலைக்குப் போய் நின்றார். "கோடு போட்டாச்சும்மா, நீங்க உக்காருங்க" என்று யாரோ ஸ்டூலைக் கொண்டுவந்தார்கள். "கோடு கீதா இல்லியான்னு யாரு கேட்டாங்க? இது என் எடம்" என்றார். பெண்கள் ஆடினார்கள். கோட்டில் விழுந்ததா என்று சந்தேகம் வந்தபோதெல்லாம் அவர் கறாராகச் சொன்னார். அரை விரல் தள்ளி விழுந்தாலும் வெளிய, வெளிய, வெளிய. யாருக்கும் தயவு காட்டவில்லை.

எல்லோரும் போன பிறகு அவரைக் கைப்பிடித்து வீட்டுக்கு அழைத்துக்கொண்டு போனேன். இத்தனை வருஷமாக உன்னோடு வாதாடிய வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை. கேட்டுவிட்டேன். "அம்மா, அன்னைக்கு அவ போட்டது வெளியதானே விழுந்துச்சு?"

அவர் நின்றார். "பின்ன? நல்லா வெளியதான் விழுந்துச்சு. எனக்குக் கண்ணு தெரியாதா?"

"அப்புறம் ஏன் உள்ளன்னு சொன்னீங்க?"

"எங்க வூட்டுக்கு வந்ததுலேந்து அவ அப்டி சிரிச்சு நான் பாத்ததே இல்லம்மா. அந்த மூஞ்சியப் பாத்துக்கினு எப்டி வெளியன்னு சொல்றது?"

தெருமுனை வரை அவர் என் கையை விடவில்லை.

ஆக, நான் சொன்னதுதான் சரி. இத்தனை வருஷம் கழித்து ஜெயித்துவிட்டேன், ஆனால் சொல்லிக் காட்ட நீ இல்லை. புது ரிங் இப்போது என் மேஜை மேல் இருக்கிறது. சற்று முன்பு அதை மேலே போட்டு ஒற்றைக் கையால் பிடித்துப் பார்த்தேன், நழுவவில்லை. இனிமேல் காலனியில் யாராவது அந்த ஆட்டத்தைப் பற்றி என்னிடம் கேட்டால், உள்ளே என்றுதான் சொல்வேன்.