நீங்கள் அடித்த கடைசி வரி

பிரியத்துக்குரிய ஜெசிந்தா மேடம்,

எங்கள் தெருக்கோடி வீடு வரைக்கும் இப்போது தண்ணீர் வருகிறது. முக்கியமானதை முதல் வரியிலேயே சொல்லுங்கள், படிப்பவரைக் காக்க வைக்காதீர்கள் என்று நீங்கள்தானே சொல்லிக் கொடுத்தீர்கள்?

நீங்கள் போய் நாற்பது நாள் ஆகிறது. புத்தூர் ஆஸ்பத்திரியில் கடைசியாகப் பார்த்தபோது, "என்ன ஐயா, மார்க்குக்குச் சண்டை போட வந்தீங்களா?" என்று கேட்டீர்கள். அதற்குத்தான் வந்தேன். நீங்கள் படுத்திருந்த கோலத்தைப் பார்த்துவிட்டு மார்க்கைப் பற்றிக் கேட்காமலே திரும்பினேன்.

நான் எட்டாவதோடு நின்றவன். ரயில்வேயில் பிட்டர் வேலை. நாலு வரி கோர்வையாக எழுத நானாகத்தான் பழகினேன், யாரும் சொல்லித் தரவில்லை. ஓய்வு பெற்றபின் மனு எழுதுவதே வேலையாகிவிட்டது. தெருவிளக்கு, சாக்கடை, நிற்காமல் போகும் பஸ், ஒன்றையும் விட்டதில்லை. பத்திரிகைகளுக்கு அனுப்பிய கடிதங்களில் ஒன்றுகூட அச்சாகவில்லை. அந்த ஆத்திரத்தில்தான் உங்கள் கல்லூரியின் வார இறுதிச் செய்தி வகுப்பில் சேர்ந்தேன். வயது வரம்பு இல்லை என்று போட்டிருந்தீர்கள். மற்றவர்களுக்கு இருபது வயது, எனக்கு அறுபத்தேழு.

என் முதல் செய்தியைப் படித்துவிட்டு, "ஐயா, இது யாருக்கு எழுதினது?" என்றீர்கள்.

"ஜனங்களுக்குத்தான்."

"கடைசி வரியில 'ஆவன செய்யுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்'னு இருக்கே. ஜனங்க என்ன ஆவன செய்வாங்க?"

"தாத்தா மனு குடுத்திருக்காரு மேடம், ரசீது போட்டுக் குடுங்க!" என்று ஒரு பெண் கத்தினாள். வகுப்பே சிரித்தது. நீங்கள் சிரிக்கவில்லை. அந்த வரியைச் சிவப்பு மையால் அடித்துவிட்டு, மற்றதெல்லாம் நன்றாக இருக்கிறது என்றீர்கள். என் எழுத்தை நன்றாக இருக்கிறது என்று சொன்ன முதல் ஆள் நீங்கள். அதை உங்களிடம் ஒருநாளும் சொன்னதில்லை.

அப்புறம் புலனாய்வுச் செய்தி எழுதச் சொன்னீர்கள். நான் யோசிக்கவே இல்லை. எங்கள் பகுதிக்குத் தண்ணீர் திறந்துவிடும் ராமையாவைப் பற்றி எழுதினேன். பக்கத்துத் தெருவில் கையூட்டு வாங்கிக்கொண்டு எங்களைக் காயப் போடுகிறான் என்று எழுதினேன். தினமும் அந்தத் தெருவில் ஒரு வீட்டில் டீ குடிக்கிறானே, வேறென்ன சாட்சி வேண்டும்? ஏழு வருடத்துக்கு முன்பே இதையே மனுவாக மாநகராட்சிக் குடிநீர் அலுவலகத்தில் கொடுத்தவன் நான். அதிலிருந்து எங்களுக்குள் பேச்சில்லை.

"அவர்கிட்ட கேட்டீங்களா?"

"திருடன்கிட்டயே போய்த் திருடினியான்னு கேக்கச் சொல்றீங்களா?"

"ஆமா. கேட்டு, அவர் சொல்றதையும் எழுதணும்."

பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டேன். இரண்டு வாரம் வகுப்புக்கு வரவில்லை. மூன்றாவது வாரம் போன் செய்தீர்கள். "ஐயா, கோவமாவே இருங்க. கோவத்தோடயே போய்க் கேளுங்க." என்னைக் கோபத்தை விடச் சொல்லாத ஒரே மனுஷி நீங்கள்தான். அதனால்தான் போனேன்.

விடிகாலையில் வால்வுப் பள்ளத்துக்குள் ராமையா நின்றிருந்தார். நான் கேட்டதும் நிமிர்ந்து பார்த்தார். "ஏழு வருஷம் ஆச்சுங்களா, இதைக் கேக்க?" என்றார். இரும்புக் கம்பியை என் கையில் கொடுத்து, "நீங்களே திருப்புங்க" என்றார். பாதிக்கு மேல் சுற்றவில்லை. பாதி திறந்தால் எங்கள் தெரு வரைக்கும் தண்ணீர் எப்படி வரும்? நான் பிட்டர், மரை கெட்டு இறுகிப்போன வால்வு கைக்குத் தெரியாதா? மாற்றித் தரச் சொல்லி நாலு தடவை எழுதிக் கொடுத்திருக்கிறார். முத்திரை குத்திய நகல்கள் அவரிடம் இருந்தன.

"அந்த டீ?"

"அது எங்க அக்கா வீடுங்க."

கம்பியைத் திரும்ப வாங்கிக்கொண்டு இன்னொன்றும் சொன்னார். "உங்க மனு இன்னும் என் ஃபைல்லதான் இருக்கு. வேலை நிரந்தரம்னு கேக்கும்போதெல்லாம் அதைத்தான் எடுத்துக் காட்டுறாங்க."

வால்வைப் பற்றித் திருத்தி எழுதினேன். உங்கள் மாணவர் இதழில் வந்தது, அதைப் பார்த்து ஒரு நாளிதழும் போட்டது, வால்வை மாற்றினார்கள். நீங்கள் எனக்கு அறுபத்தொன்று போட்டீர்கள். ரசீது போடச் சொன்ன அந்தப் பெண்ணுக்கு எண்பது!

"இந்தச் செய்தியில ஒரு ஆளைக் காணோம் ஐயா" என்றீர்கள்.

"யாரைக் காணோம்?"

"உங்களை. அச்சுக்கு அனுப்புறதுக்கு முன்னாடி ராமையாவுக்கு போன் பண்ணிச் சரிபார்த்தேன். அந்த மனு எங்க போச்சு?"

செய்தியாளன் செய்திக்குள் வரக்கூடாது என்று நீங்களே சொல்லிக் கொடுத்ததை எடுத்து வாதாடினேன். ஒரு வருடம் விடாமல் வாதாடினேன். அந்த வருடம் முழுக்க ராமையா தற்காலிக ஊழியராகவே கம்பியைச் சுற்றிக்கொண்டிருந்தார். இது எனக்குத் தெரியாமலா இருந்தது?

உங்கள் அடக்கத்துக்கு ராமையாவும் வந்தார். ஒரே பஸ்ஸில் போனோம். எனக்கும் சேர்த்து டிக்கெட் எடுத்தார். காவேரிப் பாலம் தாண்டும்போது, "மேடம் ஒரே ஒரு தடவைதாங்க போன்ல பேசினாங்க. உங்க தரப்பைச் சொல்லுங்கன்னாங்க. அப்படி என்னை யாரும் கேட்டதே இல்லை" என்றார். அன்றைக்கும் நான் அவரிடம் மன்னிப்புக் கேட்கவில்லை. உங்களுக்குத்தான் தெரியுமே, என் பிடிவாதம்.

நீங்கள் இல்லாவிட்டால் ஒரு மனிதனின் பிழைப்பை முழுசாகக் கெடுத்துவிட்டு, அதைப் பொதுநலம் என்று சொல்லிக்கொண்டு திரிந்திருப்பேன். பாதியோடு தடுத்தீர்கள். மீதிப் பாதியைச் சரிசெய்வது என் பொறுப்பு.

நாளைக் காலை அந்த அலுவலகத்துக்குப் போகிறேன். எட்டு வருடத்துக்கு முன் ராமையா மேல் நான் எழுதிக் கொடுத்த எதையும் கண்ணால் பார்க்கவில்லை, அவரிடம் கேட்கவும் இல்லை, அது தவறு என்று எழுதி வைத்திருக்கிறேன். கொடுத்து முத்திரை வாங்காமல் திரும்ப மாட்டேன். நகல் ராமையாவுக்கு. முதல் வரியிலேயே என் பெயர் இருக்கிறது. கடைசி வரி, அவரை நிரந்தரமாக்க ஆவன செய்யுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

அறுபத்தொன்று குறைவுதான், அதில் எனக்கு மாற்றுக் கருத்தில்லை. ஆனால் இந்த ஒரு தடவை அந்த வரியை அடித்துவிடாதீர்கள், மேடம்.

வயதில் உங்கள் தகப்பன், வகுப்பில் உங்கள் பிள்ளை,
சிவசாமி
ஸ்ரீரங்கம்