உப்பு பார்க்க ஆள் இல்லாத கஞ்சி

இன்றைக்குக் கஞ்சி அடிப்பிடித்துவிட்டது. நீ இருந்திருந்தால் இந்த மலை ஆஸ்பத்திரி வாசலிலேயே மோப்பம் பிடித்து, "இன்னா பாயம்மா, யார நெனச்சுக்கினு கெளறுன?" என்று கேட்டுக்கொண்டே உள்ளே வந்திருப்பாய். தீய்ந்த சாமையின் வாசனை இந்தச் சமையல் கொட்டகையை விட்டுப் போக மாட்டேன் என்கிறது. யாரை நினைத்துக் கிளறினேன் என்று உனக்குத்தான் சொல்ல வேண்டும். உன் மகளை நினைத்துத்தான்.

சத்யா இங்கே வந்து ஒரு வாரத்துக்கு மேல் ஆகிறது. ஆஸ்பத்திரிக்குப் பின்னால், நாள் நெருங்கிய பெண்கள் முன்கூட்டியே வந்து தங்குகிற அதே அறைதான். ஜன்னலோரக் கட்டிலில் படுத்திருக்கிறாள். புருஷன் கேரளாவில் வேலைக்குப் போன இடத்திலிருந்து இன்னும் வரவில்லை. புளி உலுக்கும் காலம் என்பதால் மாமியாரால் தோப்பை விட்டுவிட்டு இங்கே தங்க முடியவில்லை. கொண்டுவந்து விட்டுவிட்டு, "பாயம்மா இருக்காங்க இல்ல, பாத்துப்பாங்க" என்று சொல்லிவிட்டு அடுத்த பஸ்ஸிலேயே போய்விட்டாள். பாயம்மா என்ன பார்ப்பாள்? சத்யா சாப்பிடாமல் தட்டைத் தள்ளிவைப்பதைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

நர்சம்மா என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார். "ரத்தம் ரொம்பக் கம்மியா இருக்கும்மா. மாத்திர மட்டும் போட்டா போதாது, சாப்புடணும். இப்பிடியே வலி எடுத்துச்சுன்னா கீழ எறக்கித்தான் ஆவணும்." கீழே என்றால் கள்ளக்குறிச்சி. அந்த வளைவுகளில் பஸ்ஸில் உட்கார்ந்து வரவே எனக்கு வயிற்றைக் கலக்கும். வலியோடு ஒரு பெண்ணை, அதுவும் ரத்தம் இல்லாத பெண்ணை, அந்த வழியில் எப்படி இறக்குவது? நீ எப்போதும் சொல்வாய், "பாயம்மா, நீ கவலப்படறதுக்குன்னே பொறந்தவ" என்று. இருக்கட்டும். இந்தத் தடவை கவலைப்படக் காரணம் இருக்கிறது.

இந்த அடுப்பு எப்படி வந்தது என்று இரண்டு நாளாக யோசித்துக்கொண்டிருக்கிறேன். நீ மலையிலிருந்து இறங்கி எங்கள் கடைக்குப் புளியும் கடுக்காயும் போட வருவாய். ஒரு நோன்பு மாதம், பள்ளிவாசல் வாசலில் எல்லா வீட்டுப் பிள்ளைகளும் தூக்குவாளியோடு வரிசையில் நிற்பதைப் பார்த்துவிட்டு, கடைக்குள் வந்து கேட்டாய். "இவ்ளோ பேருக்கு ஊத்தறீங்களே, எங்க மலைக்கு ஒரு குண்டான் ஊத்தக் கூடாதா? புள்ளத்தாச்சிங்க பட்டினியா கெடக்குதுங்க." என் வீட்டுக்காரர் சிரித்தார். நீ சிரிக்கவில்லை. தெருவில் இருந்த கடைக்காரர்கள் பருப்பும் பூண்டும் வெந்தயமும் தந்தார்கள், உன் ஊர்க்காரர்கள் சாமை தந்தார்கள், ஆஸ்பத்திரியில் இந்தக் கொட்டகையைக் கட்டிக்கொள்ளச் சொன்னார்கள். நான் வாரத்தில் பாதி நாள் காலை பஸ்ஸில் ஏறி வருகிறவள் ஆனேன். மலையைப் பார்த்தாலே தலை சுற்றும் என்று சொல்லிக்கொண்டிருந்தவள்தான்.

கர்ப்பிணிக்கு மட்டும் சமைத்தால் போதும் என்றேன் நான். நீதான் கூடாது என்றாய். "அவளுக்கு மட்டும் ஊத்துனா கூட வந்த கெழவிக்கும் புள்ளைக்கும் குடுத்துட்டு அவ தண்ணி குடிச்சுட்டுப் படுத்துக்குவா. எல்லாருக்கும் ஊத்து." சரி என்று எல்லோருக்கும் ஊற்றினோம். அப்போதும் அவர்கள் சாப்பிடவில்லை. வயிறு நிறையத் தின்றால் பிள்ளை பெருத்துவிடும், பெருத்தால் பெறுவது கஷ்டம் என்ற பயம் ஒவ்வொருத்திக்கும் இருந்தது. டாக்டரம்மா சொல்லியும் கேட்கவில்லை, நீ கத்தியும் கேட்கவில்லை.

கஞ்சி ஊற்றத் தொடங்கிய பிறகு வந்த முதல் நோன்பு மாதத்தில்தான் அது நடந்தது. நீ தண்ணீர் பிடிக்கப் போயிருந்தாய். எனக்கு நோன்பு. கஞ்சியில் உப்பு சரியாக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். நாக்கு நுனியில் வைத்துத் துப்பிவிடலாம் என்பார்கள், எனக்கு மனசு ஒப்பாது. மேல் ஊரிலிருந்து வந்த ஒரு பெண், குச்சி மாதிரி இருப்பாள், கதவோரம் நின்றிருந்தாள். "கொஞ்சம் உப்பு பாத்துச் சொல்லும்மா" என்றேன். கையை நீட்டினாள். நக்கிப் பார்த்து, "கம்மி" என்றாள். போட்டேன். மறுபடியும் நீட்டினாள். கொஞ்ச நேரத்தில் கையை விட்டுவிட்டுக் கிண்ணத்தில் வாங்கிக்கொண்டாள். நீ குடத்தை இடுப்பிலிருந்து இறக்கக்கூட மறந்து பார்த்துக்கொண்டே நின்றாய்.

"பாயம்மா, சோறுன்னா வாணாங்கறா. உப்புன்னா கைய நீட்டறா" என்று அன்றைக்குச் சாயங்காலம் முழுக்கச் சொல்லிச் சொல்லிச் சிரித்தாய். அதற்குப் பிறகு வருஷம் முழுக்க உனக்கு நோன்புதான். நாக்கு செத்துப்போச்சு என்பாய், சளி பிடித்திருக்கிறது என்பாய், ருசியே தெரியவில்லை என்பாய். வருகிறவளை எல்லாம் அடுப்படிக்குக் கூப்பிட்டு உப்பு பார்க்கச் சொல்வாய். "ஒரு வாயில தெரியாது, முழுசா குடிச்சுட்டு சொல்லு" என்பாய். சாப்பிடுவதென்றால் பயந்தவர்கள், சமையலுக்கு ஒத்தாசை என்றால் தயங்காமல் வந்தார்கள். கூட வந்த மாமியார்களும் ஒன்றும் சொல்லவில்லை. பொய் சொல்கிறோமே என்று நான் முகத்தைச் சுளித்தபோது, "உனுக்கு நோன்புன்னா நெசம். உன் நெசத்த நான் கொஞ்சம் கடன் வாங்கிக்கினேன்" என்றாய்.

ஆனால் உன்னிடம் ஒரு சண்டை இருக்கிறது. ஊரார் பெண்களை எல்லாம் சாப்பிட வைத்தவள், உன் பெண்ணிடம் என்ன சொல்லி வளர்த்தாய்? "இவ பொறக்கறப்ப பூசணிக்கா மாரி இருந்தா, என்ன ஒரு வழி பண்ணிட்டுதான் வெளிய வந்தா" என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்வாயே. நானும் சேர்ந்துதான் சிரித்தேன். சத்யாவும் சிரிப்பாள். அது அவளுக்குள் இப்படி இறங்கியிருக்கும் என்று யாருக்குத் தெரியும்? வந்த அன்றைக்கே என்னிடம் கேட்டுவிட்டாள். "எங்கம்மாவே என்னப் பெத்தெடுக்க அவ்ளோ கஷ்டப்பட்டுச்சே, நான் எப்பிடி பாயம்மா தாங்குவேன்?" அம்மா தாங்கினாளே, உன்னைத் தூக்கிக்கொண்டு மலை ஏறி இறங்கினாளே என்றேன். அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். போன மழைக்காலத்தில் காய்ச்சல் என்று படுத்து எழுந்திருக்காமலே கண்ணை மூடினவள், மகளுக்கு இது ஒன்றைச் சொல்லிவிட்டுப் போயிருக்கக் கூடாதா என்று எனக்கு உன் மேல் கோபமே வந்தது.

நோன்புப் பிறை தெரிவதற்கு முந்தின நாள் உன் வித்தையைச் செய்து பார்த்தேன். எனக்குச் சளி, கொஞ்சம் உப்பு பார்த்துச் சொல் என்றேன். படுத்தபடியே என்னைப் பார்த்தாள். "எங்கம்மா ஏமாத்துறத நான் சின்ன வயசுலேர்ந்து பாக்கறேன் பாயம்மா" என்றாள். பக்கத்துக் கட்டிலில் இருந்த பெண்தான் எழுந்து வந்து உப்பு பார்த்தாள். அவளும் நேற்றுப் பிரசவமாகிப் பிள்ளையோடு வார்டுக்குப் போய்விட்டாள். அறையில் இப்போது உன் மகள் மட்டும்தான்.

இன்றைக்குச் சாயங்காலம் அடுப்பில் கஞ்சியை ஏற்றிவிட்டு, ஜன்னல் வழியாக அவள் மூச்சு விடுவதையே பார்த்துக்கொண்டு நின்றுவிட்டேன். வாசனை வந்த பிறகுதான் நினைவு வந்தது. அவசரமாக மேலாக இருந்ததை வேறு குண்டானில் ஊற்றினேன். ஊற்றிய பிறகு, உப்பு போட்டேனா இல்லையா என்று சந்தேகம் வந்துவிட்டது. எவ்வளவு யோசித்தும் நினைவில்லை. தீய்ந்த ருசி ஏறியிருக்கிறதா என்றும் தெரியவில்லை. வார்டில் இருக்கிறவர்களுக்கு ஊற்றும் நேரம் வேறு நெருங்கிவிட்டது. கரண்டியைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றேன்.

சத்யா கதவைப் பிடித்துக்கொண்டு வந்து நின்றாள். "இன்னா பாயம்மா, தீஞ்சு பூடுச்சா?"

"ஆமாம்மா. உப்பு போட்டேனான்னும் தெரியல."

அவள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள். "திரும்பவும் ஆரம்பிச்சுட்டீங்களா?"

"நோன்புடி. இப்ப நான் பாக்க முடியாது. நெஜமாவே தெரியல" என்றேன். என் குரல் உடைந்துவிட்டது. கஞ்சிக்காகவா உடையும் என்று அவளும் நினைத்திருப்பாள். கிட்டே வந்து உன் கொட்டாங்கச்சி அகப்பையை எடுத்து ஒரு வாய் குடித்தாள். "ஐயோ, உப்பே இல்ல!" என்றாள். உப்பு ஜாடியை அவளே எடுத்தாள். போட்டாள், கலக்கினாள், குடித்தாள். தீய்ந்த வாடை கொஞ்சம் இருக்கிறது, சீரகம் தாளித்துக் கொட்டினால் சரியாகும் என்றாள். தாளித்தோம். மறுபடியும் பார்த்தாள். பிறகு மணை ஒன்றை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, கிண்ணத்தில் ஊற்றிக்கொண்டாள். நான் அடிப்பிடித்த குண்டானைத் தேய்க்கிற மாதிரி திரும்பிக்கொண்டேன். தேய்த்த இடத்தையே தேய்த்துக்கொண்டிருந்தேன். கிண்ணத்தில் கரண்டி படுகிற சத்தம் நிற்கக் கூடாதே என்று அல்லாவிடம் கேட்டுக்கொண்டிருந்தேன்.

நோன்பு திறக்கும் நேரம் வந்தது. ஒரு பேரீச்சம்பழமும் தண்ணீரும் எடுத்து வைத்தேன். நீ போன பிறகு எனக்கு அதற்குமேல் இறங்குவதில்லை. வீட்டிலும் அப்படித்தான், இங்கேயும் அப்படித்தான். யாரும் கவனிக்கவில்லை என்று நினைத்திருந்தேன். சத்யா பெரிய டம்ளர் நிறையக் கஞ்சியோடு வந்து முன்னால் வைத்தாள்.

"உப்பு பாத்துச் சொல்லுங்க பாயம்மா."

"நீதான் பாத்தியே" என்றேன்.

"என் நாக்கு சரியில்ல. நீங்க பாருங்க." ஒரு வாய் குடித்துவிட்டுச் சரியாக இருக்கிறது என்றேன். அவள் நகரவில்லை. "ஒரு வாயில தெரியாது. முழுசா குடிச்சுட்டு சொல்லுங்க."

அந்த இடத்தில் நான் அழுதேன். அவளும் அழுதாள். அழுதுகொண்டே முழு டம்ளரையும் குடித்து முடித்தேன்.

கடைசி பஸ்ஸை விட்டுவிட்டு இங்கேயே தங்கிவிட்டேன். ஒரு கிண்ணம் கஞ்சியில் ரத்தம் ஏறிவிடாது என்று எனக்குத் தெரியும். வலி இன்றைக்கு எடுக்குமா, நாளைக்கா, அவளைக் கீழே இறக்க வேண்டி வருமா, ஒன்றும் தெரியாது. அவள் புரண்டு படுத்தாலும் எழுந்து போய்ப் பார்க்கிறேன். நீ இருந்தால் என்னைப் பார்த்துச் சிரித்திருப்பாய், சிரித்துக்கொண்டே நீயும் கூடவே எழுந்து வந்திருப்பாய். படுக்கப் போகும் முன் சத்யா சொன்னாள். "நாளைக்கும் உப்பு போடாம வைங்க பாயம்மா. நான் வந்து போட்டுக்கறேன்."

உப்பு ஜாடியை அவள் கட்டிலுக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறேன். நாளைக்கு என்ன நடக்கும் என்று என்னைக் கேட்டால் சொல்லத் தெரியாது. கஞ்சியில் நான் உப்பு போட மாட்டேன், அது மட்டும் நிச்சயம்.