துருப்பிடிக்காத இடுப்பு

ஒரு காலை மணலில் இழுத்துக்கொண்டே என்னை வளர்த்த அம்மாவுக்கு,

உன் அண்ணன் நடக்கிறார் அம்மா. அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன். வீட்டு வாசலிலிருந்து தெருமுனைச் சிலுவை நிற்கும் குருசடி வரை, தடிகூட ஊன்றாமல், கலியாண மாப்பிள்ளை போல நடக்கிறார். சில மாதங்களுக்கு முன் நாகர்கோவிலில் அவருக்கு இடுப்பு மாற்று ஆபரேஷன் நடந்தது. தேய்ந்துபோன எலும்புப் பந்தை எடுத்துவிட்டு உலோகப் பந்து வைத்தார்கள். மறுநாளே எழுப்பி நிற்க வைத்துவிட்டார்களாம்.

உனக்கும் அதே பந்துதானே தேய்ந்தது? எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் பிடித்து, டாக்டர் உனக்கும் இதையேதானே சொன்னார்? அரசுக் காப்பீட்டு அட்டையும் நம்மிடம் இருந்தது. உன் அண்ணனின் சம்மதம் மட்டும்தான் இல்லை.

அன்று அவர் பேசியது உனக்கு மறந்திருக்காது. "ஏட்டி, நங்கூரமே இந்தக் கரையில துருப்பிடிக்கு. ஒனக்க இடுப்புல வைக்கிய இரும்பு உப்புக்காத்துக்கு எத்தன நாளு தாங்கும்? உள்ளுக்குள்ள துரு ஓடி, ரெத்தம் கெட்டுச் சாவே."

துபாயில் கிரேன் ஓட்டியவர் சொன்னால் இரும்பைப் பற்றிச் சரியாகத்தான் இருக்கும் என்று ஊரே தலையாட்டியது. நீயும் ஆட்டினாய். ஏன் அம்மா?

மாதா கோயில் கொடிமரத்திலிருந்து பீடம் வரை முழங்காலில் போகும் நேர்ச்சையை உனக்குச் சொல்லிக் கொடுத்ததும் அவர்தான். தேய்ந்த இடுப்புக்கு முழங்கால் வைத்தியம்! திருவிழாக் கடையில் இடுப்பு உருவம் கிடைக்காமல், தகட்டில் செய்த கால் உருவத்தை வாங்கிக் காணிக்கை வைத்தாய். வலி கூடியபோது, "காலக் குடுத்தா காலுக்குத்தாம்ட்டி சொகம் கிட்டும்" என்று சிரித்தார்.

பிறகு மீன் சுமந்து விற்கும் சருவப் பாத்திரம் உன் தலையிலிருந்து என் தலைக்கு வந்தது. என் பள்ளிக்கூடம் அதோடு நின்றது. நீ பாயில் விழுந்து, நெஞ்சில் சளி கட்டி, ஒரு மழைக்காலத்தில் போய்விட்டாய். "ஆண்டவருக்க சித்தம்" என்றார் உன் அண்ணன். தான் செய்ததை ஆண்டவர் தலையில் ஏற்றிவிட்டு மீன்குழம்பு கேட்டார்.

இப்போது கோயிலில் அவருக்கு முன்வரிசையில் நாற்காலி. "முழங்காலு போடப்பிடாதுன்னு டாக்டர் சொல்லியிருக்காரு" என்று பங்குச் சாமியாரிடமே பெருமையாகச் சொல்கிறார்.

போன ஞாயிறு பூசை முடிந்து அவரைப் பார்க்க ஆட்கள் வந்திருந்தார்கள். "இது சாதாரண இரும்பில்ல லேய். கடலுக்குள்ள போட்டாலும் துருப்பிடிக்காது" என்று இடுப்பைத் தட்டிக் காட்டினார். அப்போது மாமி தேநீர்த் தட்டோடு வந்தாள். இடது காலை இழுத்து இழுத்து வந்தாள், அம்மா. அது உன் நடை.

நாலு பேர் முன்னால் எனக்கு வாய் வராது என்பது உனக்குத் தெரியும். ஆனாலும் கேட்டுவிட்டேன். "மாமிக்கு இடுப்பு நோவுதா?"

"அவளுக்கு வாயுவாக்கும். எண்ணெய் தேச்சாப் போவும். இல்லேன்னா ஒரு நேர்ச்ச வைக்கட்டு."

"கடலுக்குள்ள போட்டாலும் துருப்பிடிக்காத இரும்பு, பொம்பளைக்க இடுப்புல வச்சா மட்டும் துருப்பிடிக்குமா மாமா?"

வந்தவர்களில் ஒருவருக்குத் தேநீர் புரையேறியது. "படிப்பில்லாதவளுக்க வாயப் பாத்தியா!" என்றார் உன் அண்ணன்.

அடுக்களையில் மாமி கதவைச் சாத்திவிட்டு மெல்லக் கேட்டாள்: "மக்கா, அந்த டாக்டர்ட்ட போற பஸ்ஸு எப்பமாக்கும்?"

செவ்வாய்க்கிழமை முதல் பேருந்தில் போகிறோம். சருவத்தை அன்றைக்குக் கவிழ்த்து வைத்துவிடுவேன். யாரிடமும் சம்மதம் கேட்கப் போவதில்லை. மாமியை முழங்காலில் போகவிட மாட்டேன், அம்மா. உன் கல்லறைக்கு அவள் தன் காலால் நடந்து வருவாள். நான் கூட வருவேன்.

வாயில்லாப் பிள்ளை என்று நீ கவலைப்பட்ட உன் மகள்,
சகாயமேரி