‘ஏவற்க’ எனும் கல்லெழுத்தை அழிக்க வந்த ஓலை

ஆறு நிறைந்து ஓடுக. கரை உடையாது நிற்க. கீழ்க்கரைக் கூற்றத்து மக்கள் உண்டு, உடுத்து, அச்சமின்றி உறங்கி எழுக.

கொன்றையாற்று நாட்டின் இரு கரைக்கும் உரியவரும், வடபுலப் போரை வென்று மீண்டவரும், பொழில்மாடத்து அரியணையில் வீற்றிருப்பவருமான கோவிறலாழியர் திருவாய் மலர்ந்தருளியபடி, பேரமைச்சன் பனங்காட்டூர் அடைக்கலங்காத்தான், கீழ்க்கரை ஊரவையாருக்கும், உப்பளத்தாருக்கும், நெசவுச் சேரியாருக்கும், களஞ்சியக் காவலருக்கும் எழுதி விடுக்கும் ஓலை. மன்னரின் பட்டங்கள் இன்னும் பல உண்டு. இவ்வோலையில் அவற்றை எழுத வேண்டாம் என்று மன்னரே தடுத்துவிட்டமையால், நீங்கள் அறிந்த அளவில் நினைந்துகொள்க.

படை திரும்பிய ஆண்டில், வெற்றி விருந்தின்போது மன்னர் மகிழ்ச்சி மிகுந்து ஓர் ஆணை பிறப்பித்ததை மறந்திருக்க மாட்டீர்கள். களம் கண்டு மீண்டோர் இந்நாட்டின் தெய்வங்கள். அவரைக் கண்டோர் கைகூப்புக. எவரும் அவரை வேலை சொல்லி ஏவற்க. ஏவினோர் நம் ஆணையை மிதித்தோர் என்பது அது. அவையில் இருந்தோர் அனைவரும் ஆகா என்றனர். ஊர்தோறும் மன்றத்தின் முன் கல் நட்டு அச்சொல்லை வெட்டினர். அதை நினைக்கும்போதெல்லாம் மன்னர் மீசையைத் தடவிக்கொள்வார். படைவீரருக்குத் தம் முன்னோர் எவரும் செய்யாத சிறப்பைத் தாம் செய்துவிட்டதாக அவருக்கு ஒரு நினைப்பு.

சென்ற வெற்றித் திருநாளில் மன்னர் மேற்கரைக்கு எழுந்தருளி, மீண்ட வீரருக்குத் தம் கையால் மாலை சூட்டினார். அவருள் ஒருவர் ஓடத் தச்சர் உறங்காப்புலியார். வடபுலத்து ஆற்றின் நடுவே மன்னர் ஏறிய ஓடம் பிளந்தபோது, பிளந்த பலகைக்குத் தம் முதுகை முட்டுக் கொடுத்து, அக்கரை சேரும்வரை அசையாது நின்றவர். பலகை அழுந்திய வடு இன்றும் அவர் முதுகில் உண்டு. மன்னர் இட்ட மாலை அவர் தோளில் நிற்கவில்லை. வழுக்கிக் கீழே விழுந்தது. தோள் அவ்வளவு இளைத்திருந்தது. நலமா என்று மன்னர் வினவ, உங்கள் புண்ணியத்தில் நலமே என்று அவர் சொல்லி, குனிந்து மாலையை எடுத்துக்கொண்டார்.

அங்கிருந்து மன்னர் ஓடத்துறைக்குச் சென்றார். பாதி கட்டிய ஓடங்கள் வெயிலில் காய்ந்து கிடந்தன. வேலைக்கு ஆள் கிடைக்கவில்லை என்று துறைத்தலைவர் மிளகனார் அழாத குறையாகச் சொன்னார். உறங்காப்புலியார் ஊரில் இருக்கையில் ஆளுக்கு என்ன பஞ்சம் என்று மன்னர் கேட்டார். மிளகனார் கன்னத்தில் போட்டுக்கொண்டார். அவர் சொன்னதை அவர் வாய்மொழியாகவே எழுதுக என்பது ஆணை: “அபசாரம் மகராசா. சாமியப் பார்த்து உளியை எடு, பலகையத் தூக்குன்னு சொல்ல எனக்கு வாய் வருமா? கல்லுல வேற வெட்டி வச்சிருக்கு.”

மன்னர் முதலில் நகைத்தார். நகைப்பு பாதியில் நின்றது. அந்தச் சொல் யார் சொல் என்பது அவருக்கு அப்போதுதான் உறைத்தது.

குடை வேண்டாம், கொம்பு வேண்டாம் என்று விலக்கிவிட்டு மன்னர் உறங்காப்புலியார் வீட்டுக்கு நடந்தார். அவர் மனைவி நங்கையாள் வாசலில் அமர்ந்து, சற்றுமுன் மன்னர் இட்ட மாலையைப் பிரித்து, மாலைச் சந்தையில் விற்பதற்காகச் சிறுசிறு சரமாகக் கட்டிக்கொண்டிருந்தாள். மன்னரைக் கண்டதும் எழுந்தாள், பூவை மறைக்கவில்லை. “ஊரே கும்பிடுது மகராசா. கும்பிட்டுட்டு அவங்கவங்க வேலைக்குப் போயிடுது. இவரு மட்டும் வீட்டுல இருக்காரு. கும்பிடு அடுப்புல வேகுமா, நீங்களே சொல்லுங்க” என்றாள்.

உறங்காப்புலியார் சும்மா இருந்தவரும் அல்லர். ஊரும் பேரும் மாற்றிச் சொல்லி, மேலாடையால் வடுவை மூடிக்கொண்டு, ஓர் உப்பளத்தில் மூட்டை சுமந்திருக்கிறார். ஒருநாள் ஆடை நழுவியது. வடுவைக் கண்டோர் விசாரித்து அறிந்து, காலில் விழுந்து, தேங்காய் உடைத்து, பல்லக்கில் ஏற்றி ஊர் எல்லைவரை கொண்டுவந்து விட்டுப் போனார்கள். அந்த உப்பளம் உங்கள் கீழ்க்கரையில் உள்ளது. உங்களைப் பழிக்க இதை எழுதவில்லை. அரசாணையை அச்சுப் பிசகாமல் செய்தீர்கள். ஆணையிட்டுப் பிழை செய்த மன்னருக்கு அதைச் சொல்லுமளவு துணிவு எவருக்கும் வரவில்லை, அவ்வளவே.

நிலம் பிளந்து விழுங்காதா என்று மன்னருக்கு இருந்தது. தம்மைச் சுமந்த முதுகைப் பார்க்கவும் கூசி, பொன் வேண்டுமா, நிலம் வேண்டுமா என்று தரையை நோக்கியே கேட்டார். உறங்காப்புலியார் சொன்னது இது: “அதெல்லாம் வேணாம் மகராசா. பலகை கோணினா, என்னய்யா வேலை இதுன்னு கேக்க ஒரு ஆளு வேணும்.”

கல்லில் வெட்டிய சொல்லை இந்நாட்டு மன்னர் எவரும் திரும்பப் பெற்றதில்லை. ஆகவே ஊரார் பொருளைத் தவறாகக் கொண்டனர் என்று அறிவித்துவிடலாம் என அவையினர் ஆலோசனை கூறினர். மன்னருக்குச் சினம் மூண்டது. பட்டினி போட்டது என் சொல், பழியை ஊரார் தலையில் கட்டவோ என்று கேட்டார். மறுநாள் மேற்கரை மன்றத்தில், ஊர் பார்க்க, ‘ஏவற்க’ என்ற சொல்லின்மேல் தாமே உளி வைத்து அடித்தார். முதல் அடி பிசகித் தம் விரலில் பட்டது. எவரும் சிரிக்கவில்லை.

ஆகலின் இனி வழங்கும் சட்டம் கேட்க. கீழ்க்கரையின் கற்களிலும் அச்சொல் அழிக்கப்படுக. அவ்வேலையை மீண்ட வீரருக்கே தந்து, முழுக்கூலி கொடுக்க. போருக்குச் செல்வோனின் வேலையிடத்தில் வேறொருவன் அமரலாம். சென்றவன் திரும்பி வந்தால் அவ்விடம் அவனுக்கே. கை கால் இழந்தோரைச் சத்திரத்துக்கு அனுப்பிவிட்டுக் கடமை தீர்ந்தது என்று இராமல், அளவு பார்த்தல், காவல், கணக்கு என அவரால் ஆவதைத் தருக. ஏரி வேலை, களஞ்சியம், துறை, தறி எங்கும் ஆள் எடுக்கையில் முதல் அழைப்பு மீண்ட வீரருக்கு. கைகூப்பி வெறுங்கையாய் அனுப்புவோர் இனி மன்றில் நின்று விடை சொல்க.

இன்னும் ஒன்றையும் எழுதுமாறு மன்னர் பணித்தார். உறங்காப்புலியாரிடம் ஓர் ஓடம் கட்டச் சொல்லி, முடிந்ததும் பார்க்கச் சென்றார். இடப்பக்கப் பலகை ஒன்று சற்றே கோணியிருந்தது. மன்னரின் கைகள் பழக்கத்தால் கூப்பப் போயின, அடக்கிக்கொண்டார். தொண்டையைச் செருமி, என்னய்யா வேலை இது, பிரித்து மறுபடி பூட்டும் என்றார். ஆகட்டும் என்று சொல்லி உறங்காப்புலியார் உளியை எடுத்தார். கரையில் நின்ற நங்கையாள் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். அவர் திரும்பிப் பார்க்கவில்லை. அவருக்கு வேலை இருந்தது.

இவ்வோலை கண்ட பொழுதே உங்கள் ஊர் வீரரை அழைத்து, ஏவுக. கோவிறலாழியரின் கணையாழி முத்திரை இந்த இறுதிச் சொல்லின் கீழ் இடப்பட்டது. அடிபட்ட விரலில் மோதிரம் இன்னும் ஏறாமையால், மற்றக் கையால் இட்டார்.